ஒரே ஒரு பிஸ்கட்தானே, டாக்டர்? வளர்ப்புப் பிராணிகளுக்குக் கொடுக்கும் செல்லம் பற்றிச் சில கேள்விகள்

மதுரையில் 22 ஆண்டுகளாக நாய், பூனை, பறவைகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். வீட்டுப் பிராணிக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறோமோ என்ற ஐயம் உள்ளவர்கள் எழுதலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி, பதில்களைக் கீழே தருகிறேன். மருந்தின் அளவு கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிராணியை நேரில் பார்க்காமல் அதைச் சொல்வது முறையன்று.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 5 வயது, எடை 41 கிலோ. அப்பா காலைத் தேநீரின்போது நான்கு மேரி பிஸ்கட், மாலையில் நான்கு என்று கொடுக்கிறார். தடுத்தால், "அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, கொடுக்காமல் எப்படி நான் மட்டும் குடிப்பது?" என்கிறார். உண்மையிலேயே அதற்குப் பசிக்கிறதா?

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணுவில் ஒரு பகுதி இல்லை. அத்தகைய நாய் வயிறு நிறைய உண்ட பின்னும் உணவையே நினைத்துக்கொண்டிருக்கும். எனவே அந்தப் பார்வை நடிப்பன்று. ஆனால் அது உணவு தேவை என்பதற்கான அடையாளமும் அன்று.

கணக்கைப் பாருங்கள். 30 கிலோ அளவில் இருக்க வேண்டிய ஒரு லாப்ரடாருக்கு, அதிகம் ஓடியாடாத வீட்டில், நாளொன்றுக்குச் சுமார் 1,300 கிலோ கலோரி போதும். தின்பண்டங்கள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவான விதி, அதாவது 130. ஒரு மேரி பிஸ்கட்டில் 20 முதல் 25 கிலோ கலோரி உண்டு. எட்டு பிஸ்கட்டிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது, இதற்கு மேல் அம்மா தோசைக்கல்லிலிருந்து நேராக எறியும் துண்டுகள் வேறு இருக்கக்கூடும். 2002இல் வெளிவந்த ஒரு நீண்ட ஆய்வில் 48 லாப்ரடார்களை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக வாழ்நாள் முழுவதும் உணவளித்தார்கள். குறைவாக உண்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

அதற்காக அப்பாவின் தேநீர் நேரத்தைப் பறித்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு உரிய உலர் உணவைக் காலையிலேயே எடைபோட்டு, அதில் ஒரு கைப்பிடியை ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும்; இடையிடையே வெள்ளரித் துண்டும் கேரட்டும் கொடுக்கலாம். நாய்க்கு வேண்டியது அவர் கையிலிருந்து ஏதோ ஒன்று வருவதுதான், அது மேரியா வேறொன்றா என்பது அதற்குப் பெரிய பொருட்டில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் "ஒரு வேளைக்கு ஒரு டம்ளர்" என்றுதான் உணவு போடுகிறோம். அப்படியும் பக் நாய் பெருத்துக்கொண்டே போகிறது.

பதில்: எந்த டம்ளர் என்பதே என் முதல் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தினர் நால்வரும் சேர்ந்து ஒரு பக் நாயைக் கொண்டுவந்தார்கள். மேசை மேல் நிற்கவும் முடியாமல் அது உட்கார்ந்துவிட்டது. நால்வரையும் தனித்தனியே விசாரித்தேன். பாட்டி காலையில் போடுவது காபி டம்ளர். மருமகள் போடுவது தண்ணீர் குடிக்கும் பெரிய எவர்சில்வர் டம்ளர். மகன் இரவு வேலை முடிந்து வந்து, யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று எண்ணி மீண்டும் ஒரு டம்ளர். பேத்தி மட்டும் நேர்மையாக, தான் எதையும் அளப்பதில்லை என்றாள். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், ஒருவர் மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

எடையைவிட நல்ல அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கையைத் தட்டையாக விரித்துப் புறங்கையைத் தடவினால், மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போதும் அப்படியே தட்டுப்பட வேண்டும். கைவிரல்களை மடக்கினால் துருத்தும் விரல் கணுக்களைப் போல இருந்தால் அது மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் பருமன்.

கேள்வி: நாங்கள் சைவம். பூனைக்குத் தயிர்சாதமும் பாலும் மட்டுமே தருகிறோம். மூன்று ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கிறது. இது தவறு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: உறவினர் சொல்வது சரி. பூனை நன்றாக இருப்பதற்குக் காரணம் உங்கள் தயிர்சாதம் அன்று. நீங்கள் பார்க்காதபோது அது பிடித்துத் தின்னும் பல்லியும் எலியும்தான். நாய் ஓரளவு எல்லாவற்றையும் செரித்துக்கொள்ளும். பூனையின் உடல் இறைச்சிக்கென்றே அமைந்தது. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதிய அளவு தன் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் தக்க அளவில் உண்டு. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். டாரின் குறைவுக்கும் இந்த இதய நோய்க்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் தெளிவானது. அதற்குப் பிறகே பூனை உணவு தயாரிப்பவர்கள் டாரின் அளவை உயர்த்தினார்கள்.

பாலைப் பற்றி இன்னொன்று. தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதில்லை. ஆசையாய்க் குடித்துவிட்டு மறுநாள் வயிற்றுப்போக்குடன் வருவது என் அறையில் அன்றாடக் காட்சி. இனிப்புப் பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பூனை அலைகிறது என்பார்கள். இனிப்பை உணரும் சுவை ஏற்பியே பூனைக்கு வேலை செய்வதில்லை, அது தேடுவது கொழுப்பை. உங்கள் அடுக்களையில் இறைச்சியை ஏற்ற மனமில்லை என்றால் அதை நான் குறைசொல்ல மாட்டேன். முழுமையான பூனை உணவு என்று குறிக்கப்பட்ட உலர் உணவை வாங்கி, பின்கட்டில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். நாய் உணவு அதற்கு ஈடாகாது. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால், ஒருமுறை இதயத்தையும் கண்ணையும் பரிசோதித்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் நாய் கடை உணவை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நாங்கள் சாப்பிடும் சாம்பார் சாதம், ரசம் சாதம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, இவைதான். வீட்டுச் சாப்பாடு நல்லதுதானே?

பதில்: வீட்டில் சமைத்தது என்பதாலேயே நாய்க்கு நல்லதாகிவிடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு நாள் ஈறு வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும்போதுதான் பலர் ஓடி வருகிறார்கள்.

புளியைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆகையால் அழுத்திச் சொல்கிறேன். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது நெடுநாளாகத் தெரியும். அதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து அண்மை ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. புளியைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றிய பதிவுகளும் அந்தக் கருத்துக்கு வழிவகுத்தன. நம் புளியில் இந்த அமிலம் மிகுதி. ரசம் சாதம் தின்ற நாய்கள் எல்லாம் இறந்துவிடுவதில்லை, தெருவில் எத்தனையோ நாய்கள் அதை உண்டுதான் வாழ்கின்றன. ஆனால் எந்த நாய் தாங்கும், எந்த நாய் தாங்காது என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. புளியோதரையை நாய்க்கு வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு கூரான சில்லுகளாக உடையும். மட்டன் கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பும். திங்கட்கிழமைகளில் வாந்தியுடன் வரும் நாய்களின் எண்ணிக்கையை வைத்தே முந்தைய நாள் ஊரில் எத்தனை விசேஷம் என்று கணித்துவிடலாம். குழம்பில் சேர்க்கும் முன்பே, உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வெந்த கோழியும் சோறும் கொஞ்சம் கேரட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதுவும் நெடுங்காலத்துக்கு முழு உணவாகாது, சுண்ணாம்புச்சத்துக் குறையும். கடை உணவுக்குப் பழக்க, இந்தச் சோற்றில் நாளுக்கு ஒரு கரண்டியாக அதைக் கலந்து பத்துப் பன்னிரண்டு நாள்களில் மாற்றிவிடலாம். நடுவில் ஒரு வேளை உண்ணாமல் இருந்தால், நலமாக உள்ள வளர்ந்த நாய்க்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்குத்தான் தாங்காது.

கேள்வி: பொமரேனியனுக்குப் பிறந்தநாள் வருகிறது. கேக் வெட்டலாமா?

பதில்: வெட்டுங்கள், நீங்களே சாப்பிடுங்கள். 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு 50 கிராம் பால் சாக்லேட்டே நஞ்சின் அறிகுறிகளைக் காட்டப் போதும். கருஞ்சாக்லேட் என்றால் 20 கிராம். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் தின்பண்டங்களில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் அது இன்னும் கொடியது, நாயின் ரத்தச் சர்க்கரையைச் சிறிது நேரத்திலேயே சரித்துவிடும்.

கேள்வி: சென்னையில் ஹஸ்கி வளர்க்கிறோம். நாள் முழுவதும் ஏசி ஓடுகிறது. இது அளவுக்கு மீறிய செல்லம் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்கிறார்கள்.

பதில்: ஏசி அதற்குச் செல்லம் அன்று, அடிப்படைத் தேவை, ஹஸ்கியை வாங்கியதுதான் சொகுசு. பனிப் பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த நாயை மே மாதச் சென்னையில் வளர்க்கத் தீர்மானித்த பிறகு, மின்கட்டணத்தைப் பற்றிக் குறைப்பட முடியாது. நாய்க்குப் பாதத்தில் தவிரப் பெரிதாக வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காலை ஆறு மணிக்கு முன் நடை முடிந்துவிட வேண்டும். சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடக்கவிடாதீர்கள். இரண்டடுக்கு ரோமத்தை மழித்துவிடுவதும் தவறு, வெயிலைத் தடுப்பதும் அதுதான். மின்தடை வரும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: நகப்பூச்சு, வாசனைத் தெளிப்பு, தினமும் குளியல்?

பதில்: மூன்றும் வேண்டாம். நாய் தன்னை நக்கும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நமக்கு மணமாக இருப்பது அதன் மூக்குக்குத் தொல்லை. மாதம் இரண்டு முறை, நாய்களுக்கான ஷாம்பூவில் குளிப்பாட்டினால் போதும்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். தெருவில் எல்லோரும் பட்டினி போடுகிறீர்களா என்று கேட்பதால், அம்மா இப்போது நெய்ச் சோறு ஊட்டுகிறார்.

பதில்: ஊராரின் வாய்க்குப் பயந்து நாயைக் கெடுக்காதீர்கள். கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னே ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. கடைசி இரண்டு மூன்று விலாக்கள் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அதன் இயல்பான அமைப்பு. அதற்கு வேண்டியது நெய்யன்று, ஓடுவதற்கு ஒரு வேலியிட்ட திடல். மாடி வீட்டில் அடைபட்டுச் செருப்புகளைக் கடித்துக் குதறும் சிப்பிப்பாறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதற்கும் சோற்றுக்குக் குறைவில்லை.

கேள்வி: நாய் எங்கள் கட்டிலில் படுக்கிறது. இப்படி இடம் கொடுத்தால் அது தன்னைத் தலைவனாக நினைத்துக்கொள்ளும் என்று பயிற்சியாளர் சொல்கிறார்.

பதில்: அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதப்பட்ட பழைய கருத்து அது; காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பம் என்பது பின்னர் தெரிந்தது. உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் காலத்தில் போட்டிருந்தால், வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றால், கட்டிலில் படுப்பதால் மட்டும் கேடில்லை. இறங்கச் சொன்னால் இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். கணவர் படுக்க வரும்போது உறுமுகிறது என்றால் அன்றே கீழே ஒரு படுக்கை விரித்து, அதில் போய்ப் படுப்பதற்குப் பரிசளித்துப் பழக்குங்கள். அடிக்காதீர்கள், உறுமலை அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல் போல இருந்தது. குழந்தைக்குத் தரும் பாரசிட்டமால் சிரப்பைக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: ஒரு துளியும் கூடாது. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையில் பாதியே உயிரைப் பறிக்கக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பச்சைக்கிளிக்குச் சூரியகாந்தி விதை மட்டுமே பிடிக்கிறது.

பதில்: நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் போன்றவற்றை வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சூரியகாந்தி விதை பெரும்பாலும் கொழுப்பு. அதை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து சளியும் கண் வீக்கமும் வரும். முருங்கைக் கீரையும் கேரட் துருவலும் வைத்துப் பழக்குங்கள்.

கேள்வி: 13 வயது நாய். எலும்புப் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவிவிட்டது. சில வாரங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். வலி மருந்து கொடுக்கிறோம். வாழ்நாள் முழுவதும் கட்டுப்பாட்டோடு வளர்த்தோம், ஐஸ்கிரீம் கொடுத்ததே இல்லை. மகள் ஒரு முறை கொடுக்கலாமா என்று கேட்கிறாள்.

பதில்: கொடுக்கட்டும், அம்மா. வெண்ணிலா வாங்குங்கள், சர்க்கரை சேர்க்காத வகை வேண்டாம், சைலிட்டால் இருக்கலாம். வலி மருந்தை ஏதாவது உணவுக்குப் பிறகே கொடுங்கள். நேராக நின்று நக்க முடியாவிட்டால், படுத்த இடத்திலேயே கழுத்துக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, மகள் தன் விரலால் கொடுக்கட்டும். ஒரு முறையோடு நிறுத்த வேண்டியதில்லை. நாளையும் கேட்டால் நாளையும் கொடுங்கள்.