ஹம்பு ஏறினால் டொக், இறங்கினால் டொக்: பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் 22 வருடமாகக் காருக்கு அடியில்தான் என் பிழைப்பு. சிஓஇ என்கிற கார் உரிமைச் சான்றிதழின் விலை இருக்கிற இருப்பில், பத்து வருடக் காருக்கு அதையே புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் அதிகம், அதனால் "முன்ன மாதிரி இல்லண்ணே, ஒரே குலுக்கல்" என்று வருகிறவர்களும் அதிகம். நீங்கள் அனுப்பியதில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

யீஷூனிலிருந்து: அண்ணா, 11 வருட ஜப்பான் செடான், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇயை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். புளோக் கார் நிறுத்துமிடத்தில் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். சக்கரத்தின் குலுக்கலை அடக்குகிற அப்சார்பர் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. டொக் என்று சத்தம் கேட்டால் என் கை முதலில் போவது ஸ்டெபிலைசர் லிங்குக்குத்தான். வளைவில் கார் சாயாமல் பிடிக்கிற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது அது. விரல் பருமனில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் சின்னப் பந்து மூட்டு, அவ்வளவுதான். உள்ளே கிரீஸ் வறண்டு மூட்டு லொடலொட என்று ஆகிவிட்டால் சின்ன மேட்டுக்கே தட்டும். நீங்களே ஒரு சோதனை செய்யலாம். அகலமான ஹம்பில், அதாவது வேகத்தடையில், இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராக, மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாகப் போங்கள். லிங்குக்கு வேலை வருவது இடதும் வலதும் வேறு வேறாக அசையும்போதுதான், அதனால் சாய்வாகப் போகும்போது மட்டும் தட்டினால் லிங்க் மேல் சந்தேகப்படலாம். நேராகப் போனாலும் தட்டினால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க்கையின் ரப்பர் மூட்டு), டாப் மவுண்ட் (அப்சார்பரின் மேல்முனை ரப்பர்), அப்சார்பர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

போன மாதம் இதே வயதுடைய கார் ஒன்று வந்தது. கடப்பாரையை வைத்து லோயர் ஆர்மை நெம்பினால் பின் புஷ்ஷின் ரப்பர் வாய் பிளந்துகொண்டு நின்றது, அந்தப் பிளவுக்குள் 20 காசு நாணயத்தைச் செருகிக் காட்டினேன், அந்தக் காரின் சொந்தக்காரர் பேசவே இல்லை. அவர் அதற்கு முன்பே வேறு இடத்தில் புது அப்சார்பர் போட்டிருந்தார். புஷ் கிழிந்திருக்கும்போது அப்சார்பரை மட்டும் மாற்றினால் அது ஆற்றில் கரைத்த புளிதான். உங்கள் அப்சார்பரும் 1,40,000 ஓடிய பிறகு களைத்துத்தான் இருக்கும், மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைத் தூக்கி, நெம்பிக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கண்ணால் பாருங்கள், அதற்கப்புறம் பணம் கொடுங்கள்.

பொங்கோலிலிருந்து: என் கார் பத்து வருடத்தில் 60,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. தேய்ந்துவிட்டது என்று சொன்னால் நம்ப முடியவில்லை.

நம்புங்கள் அக்கா. இரும்பு ஓடினால்தான் தேயும், ரப்பர் சும்மா நின்றாலே கெடும். வெயில், ஈரக் காற்று, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் தினமும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒடித்துச் சுற்றி ஏறுவது, இது எதுவும் மீட்டரில் தெரியாது. அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை ரப்பர் இருக்கும், கார் ஒரேயடியாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்குவது அதுதான். நம் ஊர் ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். கழற்றி விரலால் அழுத்தினால் காய்ந்த புட்டு மாதிரி உதிர்வதை எத்தனையோ காரில் பார்த்திருக்கிறேன். அது போய்விட்ட காரில் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து ஹம்பில் இறங்கினால் முதுகுத்தண்டில் தெரியும். அப்சார்பர் மாற்றும்போது பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் புதிதாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் பழையதையே துடைத்துப் போட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருகிற விஷயம் அது.

செங்காங்கிலிருந்து: புஷ், அப்சார்பர் எல்லாம் மாற்றிவிட்டேன் அண்ணா. இப்போது முன்பைவிட முரட்டுத்தனமாக இருக்கிறது! ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெளிக்குழல், உள்குழல் இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கும். இப்போது யோசியுங்கள், கார் தூக்கியில் தொங்குகிறது, சக்கரம் கீழே இழுத்தபடி இருக்கிறது, அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால் உள்குழல் அங்கேயே பூட்டிக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் ஏற்கெனவே முறுகிய நிலையில்தான் நிற்கும், ஒவ்வொரு மேட்டிலும் திமிறும், கார் கட்டை மாதிரி இருக்கும், ஒரு வருடத்திலேயே கிழியவும் கிழியும். சரியான முறை, போல்ட்டை முதலில் லேசாக மாட்டி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, அல்லது ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, கடைசி இறுக்கு இறுக்குவது. பத்து நிமிட வேலை. உங்கள் பட்டறையில் போய் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, எடை இறங்கிய நிலையில் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புதுப் பொருள் எதுவும் வாங்காமலே பாதி முரட்டுத்தனம் போய்விடலாம்.

அடுத்தது, என்ன அப்சார்பர் போட்டீர்கள் என்று பாருங்கள். ஒரே பிராண்டிலேயே மெத்தென்றும் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். பில்ஸ்டைன் என்றால் பி4 கம்பெனி அப்சார்பருக்குப் பதிலாகப் போடுவது, பி6 அதைவிட விறைப்பு. கயாபாவில் எக்செல்-ஜி சாதாரண ஓட்டத்துக்குப் போதும். "இது ஸ்போர்ட்டு, நல்ல சரக்கு" என்று கடையில் சொன்னால் சொகுசு தேடுகிறவர்கள் தலையாட்டாதீர்கள். பாலியூரித்தேன் புஷ்ஷும் அப்படித்தான், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரப்பரைவிட இறுக்கம். அம்மா அப்பாவை உட்கார வைத்து ஓட்டுகிற காருக்கு ரப்பர் புஷ்ஷே போடுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: பானெட் மூலையை அமுக்கி விட்டுப் பார்த்தேன், ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டது. அப்படியென்றால் அப்சார்பர் நன்றாக இருக்கிறதா?

அந்தச் சோதனையில் முழுதாகச் செத்துப்போன அப்சார்பர்தான் மாட்டும். பாதி போனது தப்பித்துவிடும். ஈசிபி விரைவுச்சாலையில் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் மாதிரி உயரமான பாலங்களில் இணைப்புகளைத் தாண்டும்போது கவனியுங்கள். ஒரு தடவை அசைந்து கார் அமைதியானால் சரி. படகு மாதிரி இரண்டு மூன்று தடவை மிதந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றினால் இடதும் வலதும் ஜோடியாகத்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து: சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங், சீட்டு எல்லாம் அதிர்கிறது. இதுவும் அப்சார்பரா?

இல்லை. கியரை 'D'யிலிருந்து 'N'க்கு, அதாவது நியூட்ரலுக்கு, மாற்றுங்கள், அதிர்வு குறைந்தால் பெரும்பாலும் எஞ்சினைத் தாங்குகிற எஞ்சின் மவுண்டிங். அதுவும் ரப்பர்தான், அதற்கும் பத்து வயது. எக்ஸ்பிரஸ்வேயில் 80, 90 போகும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூரோங்கிலிருந்து: அம்மாவுக்கு முதுகு வலி, பின் சீட்டில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறார்கள். கையில் அதிகம் பணமில்லை. எதில் தொடங்குவது?

டயரில் தொடங்குங்கள் தம்பி. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காற்று அளவு இருக்கும், காலையில் டயர் சூடாகும் முன் அந்த அளவுக்கு வையுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று 40 பிஎஸ்ஐ அடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கல் மாதிரி டயர்தான் முதலில் உங்கள் அம்மாவின் முதுகைக் குத்தும். அப்புறம் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டயரின் பூ, அதாவது மேல்வரிகள், நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

முன்பு இருந்தவர் அழகுக்காகப் பெரிய ரிம் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். 225/45 ஆர்17 டயர் என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம், அதாவது பக்கச் சுவர் சுமார் 101 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே உயரமுள்ள 195/65 ஆர்15 டயரில் அது 127 மில்லிமீட்டர். அந்த 26 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் தருகிற மெத்துக்கு ஈடாக எந்த அப்சார்பரும் தராது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி 15 அங்குல ரிம் கொடுத்திருந்தால், பிரேக்கில் இடிக்காமல் உட்காருமா என்று பார்த்துவிட்டு, பழைய ரிம் நல்லதாகத் தேடி மாற்றுங்கள். இதற்கு மேலும் அம்மாவுக்குக் குத்தினால் பின் அப்சார்பரும் பம்ப் ஸ்டாப்பும் ஜோடியாக மாற்றலாம்.

தோ பாயோவிலிருந்து: பத்து வருடம் தாண்டிய கார், வருடா வருடம் பரிசோதனையில் தேறிவிடுகிறது. இன்னும் எட்டு மாதத்தில் ஒப்படைக்கப் போகிறேன். இப்போது செலவு செய்ய வேண்டுமா?

ஐயா, பரிசோதனை பார்ப்பது கார் பாதுகாப்பாக ஓடுமா என்பதை, நீங்கள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதை அல்ல. எட்டு மாதத்துக்கு அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் வேண்டாம். காற்று சரி பாருங்கள், லிங்க் தட்டினால் அதை மட்டும் மாற்றுங்கள். ஆனால் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற பந்து மூட்டு, பால் ஜாயிண்ட், ஆடுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் எட்டு நாள்கூடத் தள்ளாதீர்கள், அது கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். எந்தப் பட்டறையிலும் காரைத் தூக்கி ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள், இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.