எந்தக் கப்பலில் போயிற்று?

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூரில் இருந்துகொண்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். மூன்று ஆண்டுகளாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தகவல்களை இணைத்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். 1639-ல் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்தது. அதே ஆண்டு ஜப்பான் போர்ச்சுகீசியக் கப்பல்களைத் தடை செய்தது. சென்னையும் பாங்காக்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. மதராஸ் கவர்னர் எலிஹு யேலின் பெயரில் அமெரிக்காவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1748-ல் கனடாவின் லூயிஸ்பர்க் கோட்டையைக் கொடுத்து ஆங்கிலேயர் மதராஸைத் திரும்பப் பெற்றார்கள். இப்படி நானூறுக்கும் மேல் சேர்த்திருக்கிறேன். இது வெறும் பொழுதுபோக்கு என்கிறார்கள் நண்பர்கள். இவ்வாறு படிப்பது வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவுமா? எந்த நூல்களைப் படிக்கலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
பெரம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் உயர் நீதிமன்ற மதிலோரமாக நடந்தபடி லூயிஸ்பர்க்கைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் தாமதிக்காமல் எழுதுகிறேன். நண்பர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். நூல் பட்டியலும் தரப்போவதில்லை. கன்னிமாரா நூலகத்தில் வரலாற்று அடுக்குகளுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நின்றால் உங்களுக்கான நூல் உங்கள் கைக்கு வரும். பாங்காக்கை அடித்துவிடுங்கள். அட்சரேகை மனிதர் வரைந்த கோடு; அதன்மேல் அமர்ந்திருப்பதனாலேயே இரண்டு ஊர்கள் உறவாகிவிடுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கடிந்து சொல்லத்தான் வேண்டும். பாங்காக்கையும் யேலையும் லூயிஸ்பர்க்கையும் ஒரே மையில், ஒரே அளவில், வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறீர்கள். எது தற்செயல், எது உண்மையான உறவு என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு உழைக்கக்கூடிய ஒருவர் இதைக் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தவர் என் தந்தையார். முதல் கடற்கரைச் சாலையில், அதாவது இன்றைய ராஜாஜி சாலையில், துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் அவர் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தார். சரக்கு கண்ணெதிரே ஷெட்டில் கிடந்தாலும், பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான சீட்டு, கைக்கு வரும்வரை அது யாருடையது என்று சொல்லமாட்டார். ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு விநாடி வினாப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தேன். எனக்கு வெற்றி தந்த கடைசிக் கேள்வியின் விடை உங்கள் நோட்டில் இருக்கும் அதே எலிஹு யேல். தந்தையார் கோப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷர் என்னப்பா கொடுத்தார்? பணமா, சரக்கா? எந்தக் கப்பலில் போயிற்று?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் பாராட்டவில்லையே என்று அன்றிரவு அழுதேன்.

விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னராக இருந்து, சொந்த வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்து, பதவி பறிக்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்து திரும்பிய யேல், 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறிய கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கு பாஸ்டனில் 562 பவுண்டுக்கு விற்றது. நான் இதைச் சொன்னபோது தந்தையார் படுக்கையில் இருந்தார். "ஒன்பது பொதியா" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு, பொதிக்கு என்ன விலை விழுந்திருக்கும் என்று விரல்களில் கணக்குப் போட ஆரம்பித்தார். நான் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அந்தக் கணக்குக்கு ஈடாகவில்லை.

லூயிஸ்பர்க்குக்கு வருகிறேன். "கொடுத்து வாங்கினார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். கொடுத்தவர் யார், அதைப் பிடித்தவர் யார், யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்?

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்கள் மதராஸைப் பிடித்தன. நகரத்தைத் தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகனைப் பெரும் படையோடு அனுப்பினார். அடுத்த மாதமே அடையாற்றுக் கரையில், ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களும் கலந்த ஒரு சிறு பிரெஞ்சுப் படை அந்தப் பெரும் சேனையைச் சிதறடித்தது. மதராஸில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தர் மாறுவேடத்தில் தப்பிக் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகள் இவை.

இதற்கு ஓராண்டுக்கு முன், 1745-ல், கேப் பிரிட்டன் தீவின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் மன்னரின் நிரந்தரப் படையினர் அல்லர். மாசசூசெட்ஸிலும் அதன் அண்டைக் குடியேற்றங்களிலும் உழவும் மீன்பிடிப்பும் கடைவியாபாரமும் செய்துவந்த ஏறத்தாழ நாலாயிரம் பேர், வில்லியம் பெப்பரெல் என்ற வணிகரின் தலைமையில், பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு அதைச் சாதித்தார்கள். முற்றுகையில் இறந்தவர்களைவிட, கோட்டையைக் காத்தபடி கழித்த அடுத்த குளிர்காலத்தில் நோயால் இறந்தவர்களே மிகப் பலர். அந்தக் கோட்டையைத்தான் 1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷாப்பேலில், அதாவது இன்றைய ஜெர்மனியின் ஆகென் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் பிரான்ஸிடம் திருப்பிக் கொடுத்தது. மதராஸ் ஆங்கிலேயரிடம் வந்தது.

இங்கேயும் உங்கள் ஒரு வரி முழு உண்மையைச் சொல்லவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற பண்டமாற்று அல்ல அது. பிரெஞ்சுப் படைகள் அப்போது ஆஸ்திரியாவின் வசமிருந்த நெதர்லாந்துப் பகுதிகளைக் கைப்பற்றியிருந்தன. அவர்களை அங்கிருந்து வெளியேற்றுவது லண்டனுக்கு மதராஸைவிட அவசரமாக இருந்தது. அந்த மூன்றாவது இடத்தை விட்டுவிட்டால், மதராஸும் லூயிஸ்பர்க்கும் தராசின் இரு தட்டுகளில் சமமாக நின்றன என்ற பொய்த் தோற்றம் வந்துவிடுகிறது. இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு கோடு இழுக்கும் பழக்கத்தை நீங்கள் விடவேண்டும் என்று நான் இவ்வளவு நீட்டிச் சொல்வது இதனால்தான்.

இப்போது கப்பலுக்கு வாருங்கள். தங்கள் ரத்தம் சிந்திப் பிடித்த கோட்டையைத் தங்களைக் கேளாமலே கொடுத்துவிட்டார்கள் என்று நியூ இங்கிலாந்து மக்கள் கொதித்தார்கள். படையெடுப்புக்குச் செலவழித்ததை ஈடுகட்ட, பிரிட்டன் 1,83,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை மாசசூசெட்ஸுக்கு வழங்கியது. அது 1749-ல் வெள்ளி நாணயப் பெட்டிகளாகவும் செம்புக் காசுப் பீப்பாய்களாகவும் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அந்த வெள்ளியைக் கொண்டுதான் மாசசூசெட்ஸ் மதிப்பிழந்து கிடந்த தன் காகிதப் பணத்தைத் திரும்பப் பெற்றது. பணம் வந்தும் மனக்கசப்பு தீரவில்லை.

லூயிஸ்பர்க் 1758 ஜூலையில் மறுபடியும் பிரிட்டன் வசமானது. அதே ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் பின்வாங்கினார். இதையும் ஆண்டுப் பொருத்தம் என்று நோட்டில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒரே போரின் இரு முனைகள்.

மாசசூசெட்ஸ் மக்களையாவது பணம் கொடுத்துச் சமாதானப்படுத்த முயன்றார்கள். மதராஸ் கருப்பர் பட்டணத்தில் வாழ்ந்த நம் மக்களை யாரும் கேட்கவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். எதிரி மறைந்துகொள்ள இடமிருக்கக்கூடாது என்று மீதத்தை ஆங்கிலேயர் இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. 1760-களில் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பக்கம் எழுந்தவைதான் இன்றுள்ள சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள். காலியான அந்த மண்ணில்தான் உயர் நீதிமன்றம் நிற்கிறது. வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட தூண்களில் ஒன்று, 1773 ஜனவரி 1 என்ற தேதியோடு, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அதைத் தொட்டுப் பாருங்கள்; லூயிஸ்பர்க்கைப் பற்றிய வரியை அதன் பிறகு திருத்தி எழுதுங்கள்.

ஜப்பானை நான் அடிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கோட்டைக்குத் தெற்கே சாந்தோமில் 1639-ல் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். புதிய கோட்டையில் முதலில் குடியேறியவர்களிலும் அவர்கள் உண்டு. ஜப்பான் கதவை மூடியதும் சீனக் கரையின் மக்காவ் துறைமுகத்திலிருந்து சென்ற அவர்களுடைய கப்பல்களுக்கு எதிராகத்தான். நீங்கள் 1639 என்ற எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிட்டீர்கள். இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் ஒரே நாட்டு மனிதர்கள் என்பது உங்கள் கண்ணில் படவில்லை. மக்காவ் துறைமுகத்துக்கும் சாந்தோமுக்கும் இடையே போய்வந்த கப்பல்களைத் தேடுங்கள். கிடைத்தால் கப்பலின் பெயரோடும் ஏற்றிய சரக்கோடும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.