சிரிஞ்சை ஊதினால் படபடப்பு அடங்குவது எப்படி?

மும்பை செம்பூரைச் சேர்ந்த 38 வயது வாசகி கேட்கிறார்: "தாதர் ஸ்டேஷன் படியேறும்போது திடீரென இதயம் நிமிடத்துக்கு 180 முறை துடித்தது. இசிஜி எடுத்த மருத்துவர், இதயத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பான எஸ்.வி.டி. என்றார். சிரிஞ்சை ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள், படபடப்பு நின்றுவிட்டது. இதை வீட்டிலும் செய்யலாமா?"

உங்களுக்குச் செய்தது முறையான சிகிச்சையே. நரம்புகளின் பிடியில்லாமல் விட்டால் இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளம் பிடிப்பதால்தான் அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் ஏவி முனையையும் அதே நரம்பு மந்தப்படுத்தும். எஸ்.வி.டி.யின் பெரும்பாலான வகைகளில் மின்தூண்டல் அந்த முனை வழியாகவே செக்குமாடு போலச் சுற்றுவதால், அங்கே ஒரு நொடி தடைபட்டாலும் சுற்று அறுந்துவிடும்.

முக்கி ஊதும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஊதுவதை விட்டதும் படுத்துக் கால்களை உயர்த்தினால் ரத்தம் பெருகிவந்து ரத்த அழுத்தம் எகிற, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதை மூளைக்குத் தெரிவித்து வேகஸ் நரம்பை முடுக்கிவிடுகின்றன. இங்கிலாந்தில் நடந்து 2015-இல் வெளியான ரிவர்ட் ஆய்வில், ஊதிய பின்னும் சாய்ந்தமர்ந்தபடியே இருந்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், படுத்துக் கால்களை உயர்த்தியவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் ஒரு நிமிடத்தில் துடிப்பு சீரானது. செலவே இல்லாத இந்த வித்தியாசம் இன்னும் பலருக்குத் தெரியாதிருப்பது எனக்கு வருத்தமே.

உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால் வீட்டில் செய்யலாம். சாய்ந்தமர்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் தண்டு சற்றே நகருமளவுக்கு 15 நொடி ஊதுங்கள். உடனே மல்லாந்து படுத்ததும், வீட்டில் ஒருவர் உங்கள் கால்களை 45 டிகிரிக்கு உயர்த்தி 15 நொடி பிடிக்கட்டும். வேகஸ் நரம்பைத் தூண்டக் கழுத்துத் தமனியை அழுத்திவிடும் முறையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் முயற்சிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு இதனால் நிற்காது.

அடிக்கடி வந்தால், வேகமூட்டும் பரிவு நரம்புகளின் தாக்கத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஒரு வழி. மின்சுற்றின் பாதையையே சுட்டு அழிக்கும் கதீட்டர் அப்லேஷன் பெரும்பாலோருக்கு நிரந்தரத் தீர்வு தருவதால், உங்கள் வயதில் அதையே முதலில் பேசிப்பார்க்கச் சொல்வேன். அப்போது, படபடப்பு இருந்த நேரத்தில் எடுத்த இசிஜியின் நகலைத் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். துடிப்பு அடங்கிய பின் எடுக்கும் இசிஜியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.