புது ஃபிளாக்ஷிப் (உச்ச ரக) போனுக்கு நாலு இலட்சம் போடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது நாலு வருடம் பாவித்த சம்சுங் ஏ வரிசைப் போன். சூம் வகுப்பு எடுக்கும்போது சூடேறித் திணறுகிறது. எஸ்25 அல்ட்ரா வாங்கினால் ஏழு வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள், விலை நாலு இலட்சத்துக்குக் கிட்ட. வட்ஸ்அப், யூடியூப், வகுப்பு, பிள்ளைகளின் படம், இவ்வளவுதான் என் பாவனை. வாங்கலாமா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: இந்தப் பாவனைக்கு வேண்டாம் டீச்சர். அந்தப் போன் நல்ல போன்தான். ஆனால் அதன் விலையில் பெரும்பங்கு நீங்கள் தொடாத விடயங்களுக்குப் போகிறது.

முதலில் கெமரா. பெட்டியில் 200 மெகாபிக்சல் என்று இருக்கும். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது 16 பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் அது சேமிக்கிறது. அதை வட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் ஏறக்குறைய 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். லண்டனில் இருக்கும் மாமியின் கைக்குப் போய்ச் சேரும்போது அது நாலு இலட்சத்துப் போனில் எடுத்ததா, ஒரு இலட்சத்துப் போனில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அனுப்பும்போது மேலே இருக்கும் எச்.டி. என்பதைத் தட்டுங்கள், அல்லது படத்தை டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். இருக்கிற போனிலேயே வித்தியாசம் தெரியும்.

விலை கூடிய கெமரா தன் வேலையைக் காட்டும் இடம் இரண்டு: இருட்டும் தூரமும். மாமாங்கத் தீர்த்தத்தன்று சனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு சுவாமியின் முகத்தைப் படம் பிடிக்க 5 மடங்கு இழுக்கும் தனி லென்ஸ் வேண்டும். மலிவான போனில் அதே அளவுக்கு விரலால் பெரிதாக்கினால் நகையும் பூவும் ஒரே மஞ்சள் கறையாகிவிடும். கலியாண வீட்டுப் படம், விளையாட்டுப் போட்டி வீடியோ என்று இதை வைத்து உழைப்பவர்களுக்கு அந்த லென்ஸ் முதலீடு. மற்றவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள் தேவை.

அடுத்தது ஏழு வருட அப்டேட். சம்சுங் 2024 ஜனவரியில் வந்த எஸ்24 வரிசையிலிருந்து ஏழு வருடம் தருவதாகச் சொல்லியிருப்பது உண்மைதான். கடையில் சொல்லாமல் விடுவது, அந்தக் கணக்கு மொடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2025 மார்ச்சில் வந்த ஏ56, ஏ36, ஏ26 போன்களுக்கு ஆறு வருடம். அப்படியென்றால் எஸ்24 வாங்கினாலும் ஏ36 வாங்கினாலும் முடிவது 2031இல்தான்! அப்டேட்டுக்காக மட்டும் இலட்சக்கணக்கில் கூடக் கொடுக்கத் தேவையில்லை. எஸ் வரிசையைப்போல ஏ56, ஏ36 இரண்டிலும் மெமரி கார்ட் போட இடமில்லை, ஏ26இல் உண்டு. கார்ட் போட முடியாத போன் என்றால் 256 ஜி.பி.யும் 8 ஜி.பி. ரமும் பார்த்து எடுங்கள். 128 ஜி.பி.யை வகுப்பு வீடியோவும் குடும்பக் குழுக்களின் காலை வணக்கங்களும் சீக்கிரம் நிரப்பிவிடும்.

வருடக் கணக்காகப் பிரித்துப் பாருங்கள். நாலு இலட்சத்துப் போனை ஆறு வருடம் வைத்திருந்து, இடையில் 25,000க்கு ஒரு பற்றரி மாற்றினால் வருடத்துக்கு ஏறக்குறைய 70,800 ரூபாய். 120,000 ரூபாய்ப் போனை ஐந்து வருடம் வைத்திருந்து 12,000க்குப் பற்றரி மாற்றினால் வருடத்துக்கு 26,400. இவை கணக்குக்காக வைத்த தொகைகள், உங்கள் கடை சொல்லும் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை விழுந்து டிஸ்ப்ளே உடைந்தால் இடைவெளி இன்னும் கூடும். வாங்க முன்னரே அந்த மொடலின் அசல் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள். கேட்ட பிறகு மனம் மாறியவர்கள் உண்டு.

சூட்டுக்கு வருவோம். சூழல் வெப்பநிலை 35 பாகைக்குள் இருக்கும்போது பாவிப்பதற்கென்றே போன்கள் செய்யப்படுகின்றன. கச்சான் காற்று அடிக்கும் நாளில், தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜில் போட்டபடி சூம் ஓட்டினால் அல்ட்ராவும் திரை வெளிச்சத்தைக் குறைத்து வேகத்தை இறக்கிவிடும். இப்போதுள்ள போனுக்கு இதைச் செய்யுங்கள்: வகுப்புக்கு முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றிவிடுங்கள், கவரை அகற்றுங்கள், மின்விசிறிக் காற்று முதுகில் படும்படி நிறுத்துங்கள், உள் சேமிப்பில் 10 ஜி.பி.யாவது காலியாக வையுங்கள். நாலு வருடப் பற்றரியை மாற்றினால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்.

அல்ட்ராதான் வேண்டும் என்று மனம் நின்றால் முந்தைய வருடத்தையதைப் பாருங்கள். எஸ்24 அல்ட்ராவிலும் எஸ்25 அல்ட்ராவிலும் 200 மெகாபிக்சல் பிரதான கெமரா, 5 மடங்கு லென்ஸ், 5,000 எம்.ஏ.எச். பற்றரி, 45 வாட் சார்ஜிங் எல்லாம் ஒன்றுதான். எஸ்25இல் கூடியது சிப்பின் வேகமும், 12இலிருந்து 50 மெகாபிக்சலான அகலக் கெமராவும், 14 கிராம் எடைக் குறைவும். பேனாவில் இருந்த புளூடூத்தை எஸ்25இல் எடுத்தும்விட்டார்கள்.

கேள்வி: தம்பி கட்டாரிலிருந்து வருகிறான். ஐபோன் 17 ப்ரோ அங்கு மலிவாம். கொண்டுவரச் சொல்லலாமா?
– ஏறாவூர் வாசகர்

பதில்: விலையைப் பார்க்க முன் சிம்மைப் பாருங்கள். கட்டார், சவூதி, ஐக்கிய அரபு இராச்சியம், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17, 17 ப்ரோ, ப்ரோ மெக்ஸ் மூன்றிலும் சிம் போடும் தட்டே கிடையாது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈ-சிம் மட்டும்தான். நம் நாட்டில் ஈ-சிம் கிடைக்கிறது, அடையாள அட்டையுடன் உங்கள் சேவை நிறுவனத்தின் கிளைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் பிறகுதான் வரும். போன் பழுதாகி மேசையில் கிடக்கும் அன்று சிம்மைக் கழற்றிப் பழைய நொக்கியாவில் போட முடியாது, வங்கியின் ஓ.டி.பி.யும் வராது. இரண்டு வருடம் கழித்து விற்கும்போதும் தட்டு உள்ள போனைத்தான் ஆட்கள் முதலில் கேட்பார்கள்.

துபாயில் வாங்குவதென்றால் இன்னொன்று: அங்கு விற்கும் ஐபோன்கள் ஃபேஸ்டைம் (அப்பிளின் வீடியோ அழைப்பு) இல்லாமல் வருவதுண்டு. சம்சுங் என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசிக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட பிராந்தியத்து சிம்மில் முதலில் ஐந்து நிமிடம் கதைத்தால்தான் மற்ற நாட்டு சிம் வேலைசெய்யும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். அதை அங்கேயே கதைத்து முடித்துவிட்டுக் கொண்டுவரட்டும்.

அங்குள்ள வொறன்ட்டி இங்கு செல்லுமா என்பதை இங்குள்ள அதிகாரம் பெற்ற சேவை நிலையத்தில் மொடல் இலக்கத்தைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். செல்லாது என்றால் அதையும் விலைக் குறைவிலிருந்து கழித்துப் பாருங்கள்.

கேள்வி: கடைக்காரர் "கம்பனி போன்தான் நானா, பயப்படாதீங்க" என்கிறார். எப்படி உறுதிப்படுத்துவது?
– சம்மாந்துறை

பதில்: *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், திரையில் வரும். பெட்டியில் உள்ளதும் பில்லில் எழுதுவதும் அதுவேயா என்று பாருங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். பதிவில் இல்லை என்றால் கடைக்காரர் சொன்ன "கம்பனி" என்ற வார்த்தைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. காசு கொடுக்க முன், கடைக்குள் நின்றே செய்யுங்கள்.

கேள்வி: புது நடுத்தரப் போனின் விலைக்கே பாவித்த ஐபோன் 13 அல்லது 14 கிடைக்கிறது. எதை எடுப்பது, என்ன பார்ப்பது?
– கல்முனை

பதில்: அப்பிள் இத்தனை வருடம் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆனால் 2019இல் வந்த ஐபோன் 11க்கு 2025இல் வந்த ஐ.ஓ.எஸ். 26 மென்பொருளும் கிடைத்தது. அந்தக் கணக்கில் 2021இல் வந்த 13க்கு இன்னும் ஆயுள் உண்டு. பயம் மொடலில் இல்லை, அதைத் திறந்து பார்த்த கைகளில்தான்.

செட்டிங்ஸ், ஜெனரல், எபவுட் என்று போங்கள். எதாவது மாற்றியிருந்தால் பாகங்கள், சேவை வரலாறு என்ற பகுதி அங்கே தெரியும். டிஸ்ப்ளே, பற்றரி, கெமரா எதற்காவது "அறியப்படாத பாகம்" என்று வந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது எழும்பி வாருங்கள். பற்றரி 100 வீதம் என்று காட்டுகிறதே என்று மகிழவேண்டாம். நாலு வருடப் போன் 100 காட்டினால் பற்றரி மாறியிருக்கிறது, அல்லது எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்கள். 14 வரையான மொடல்களின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றில் 80 வீதத்துக்கு இறங்கும்படி அமைந்தது. ஆகவே பழைய போனில் 82, 84 என்று இருப்பதுதான் நேர்மையான எண்.

அதே பக்கத்தில் மொடல் இலக்கத்தின் முதல் எழுத்து ஆங்கில எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் மாற்றிக் கொடுத்தது. கீழே கெரியர் லொக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். ஃபேஸ் ஐ.டி.யில் உங்கள் முகத்தைப் பதிந்து பாருங்கள். அது கெட்டிருந்தால் சாதாரண பழுதுபார்க்கும் கடையில் சரியாகாது.

கடைசியாக, விற்பவரே தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்து, முதல் தடவை திறக்கும்போது வரும் ஹலோ திரைக்குக் கொண்டுவர வேண்டும். நீங்கள் அங்கேயே வைஃபை போட்டு உங்கள் கணக்கால் திறந்து முடித்த பிறகு காசு. "பாஸ்வேர்டைப் பிறகு அனுப்புறேன்" என்ற பேச்சு வந்தால் அந்த வியாபாரம் வேண்டாம்.

இந்தச் சோதனைகளுக்குப் பொறுமை இல்லாதவர்கள் புது நடுத்தரப் போனை வாங்குவதே நல்லது.

கேள்வி: தண்ணீரைத் தாங்கும் என்று சொல்லும் ஐ.பி.68 போனைப் பாசிக்குடாவில் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் படம் எடுக்கலாமா?
– வாழைச்சேனை

பதில்: வேண்டாம். அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில் நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் உப்பு சார்ஜ் துளையின் உலோகத்தை அரிக்கும். தண்ணீர் உள்ளே போனால் வொறன்ட்டி ஏற்காது, உள்ளே ஒட்டியிருக்கும் சிறு அடையாளம் சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றிய போன் என்றால் பழைய இறுக்கமும் இருக்காது. தவறி விழுந்துவிட்டால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துளை கீழே பார்க்கும்படி தட்டி, காற்றில் காயவிடுங்கள். ஒரு நாள் சார்ஜ் போடவேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தூசும் துணுக்கும்தான் உள்ளே போகும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் போனைப் பூட்டி வழி பார்ப்பது கெமராவைக் கெடுக்குமா?
– பொத்துவில்

பதில்: கெடுக்கலாம். நல்ல கெமராக்களில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸ் அசையும்படி இருக்கும். இயந்திர அதிர்வு தொடர்ந்து பட்டால் அந்த அமைப்பு பழுதாகலாம் என்று அப்பிள் 2021இலேயே எச்சரித்தது. விலை கூடிய போனுக்குத்தான் இந்த ஆபத்தும் கூட.

கேள்வி: கடன் அட்டையில் 12 மாதம், வட்டி இல்லை என்கிறார்கள். உண்மையா?
– ஆரையம்பதி

பதில்: "கையில் காசு தந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். 400,000 ரூபாய்ப் போனைக் காசுக்கு 370,000க்குத் தருகிறார் என்றால் அந்த 30,000தான் வட்டி. மாதாமாதம் கட்டிக் குறைந்துகொண்டு போகும் கடன் என்பதால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 15 வீதம். வங்கி எடுக்கும் கையாளல் கட்டணம் இருந்தால் அதையும் சேருங்கள். இரண்டு விலையும் ஒன்றென்றால், தவணை தவறாமல் கட்டக்கூடியவருக்கு அது நல்ல வசதிதான்.

கேள்வி: வாங்கி இரண்டு மாதத்தில் திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. நீங்கள் போட்டு உடைத்ததுதான் என்று கடையில் கையை விரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– அக்கரைப்பற்று

பதில்: விழாத போனிலும் ஓலெட் திரையில் பச்சைக் கோடு வருவதுண்டு. முதலில் திரையையும் நான்கு மூலைகளையும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள். அடிபட்ட தடயம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. வேறு கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். அதிகாரம் பெற்ற சேவை நிலையத்தில் காட்டி, பழுதின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கடை இணங்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. ஆனால் போனில் சொன்னதோடு நிறுத்தவேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இந்தக் கிழமையே எழுதுங்கள். வாங்கிய திகதி, தொகை, ஐ.எம்.ஈ.ஐ. எண், கடையில் என்ன சொன்னார்கள், உங்களுக்கு வேண்டியது திருத்தமா, மாற்றுப் போனா, பணமா என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பற்றுச்சீட்டு, வொறன்ட்டி அட்டை, படங்கள் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். மூலப் பத்திரங்களைக் கையைவிட்டுக் கொடுக்கவேண்டாம்.