வெண்டெட்டா புரியவில்லையா?

நீங்கள் எந்தப் பாகத்தையும் தவறவிடவில்லை. மிலா ஜோவோவிச்சின் ஆறு ரெசிடென்ட் ஈவில் படங்களையும் பார்த்திருந்தும் 'வெண்டெட்டா' அனிமேஷன் படத்தில் லியோன், கிறிஸ், ரெபெக்கா மூவருக்கும் எப்படிப் பழக்கம் என்று புரியவில்லை என்கிறீர்கள். அது வேறு கதைத் தொடர். அனிமேஷன் படங்கள் ரெசிடென்ட் ஈவில் வீடியோ விளையாட்டுகளின் கதையோடு போகின்றன. கிறிஸும் ரெபெக்காவும் 1996-இல் வந்த முதல் விளையாட்டிலிருந்தே இருப்பவர்கள், லியோன் 1998-இல் வந்த இரண்டாவதில் சேர்ந்தவர்.

எந்தத் தொடர் என்று சந்தேகம் வந்தால், மிலா நடித்த ஆலிஸ் பாத்திரம் இருக்கிறாரா என்று பாருங்கள். விளையாட்டுகளில் அவரே கிடையாது.

அனிமேஷன் படங்களின் வரிசை: டிஜெனரேஷன் (2008), டேம்னேஷன் (2012), அப்புறம் வெண்டெட்டா (2017), டெத் ஐலண்ட் (2023). நேரமில்லையா, முதலாவது மட்டும் போதும்.

ஒன்று, ஏற்காட்டு விடுதியில் பிள்ளைகளோடு பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். பொம்மைப்படம்தானே என்று போட்டுவிடாதீர்கள், ரத்தம் அதிகம். சேலத்திலேயே தரவிறக்கிக்கொண்டு மலை ஏறுங்கள். போன முறை எனக்குப் பாதிப் படத்தில் சிக்னல் போய்விட்டது.