மாதிரி டாங்கிக்கு எத்தனை ஆம்பியர் மோட்டார் கன்ட்ரோலர் வேண்டும்? ஒலிப்பலகையை எப்படித் தேர்வது?

மோட்டார் கன்ட்ரோலர் என்பது, ரிமோட்டின் கட்டளைக்கேற்ப பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து விடும் சிறு மின்பலகை. டாங்கியின் இரு பக்கச் சங்கிலிகளுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால், இரண்டையும் இணைத்து இயக்கும் இரட்டைக் கன்ட்ரோலரே பொருத்தமானது.

மண்டபம் கரையில், மணலில் கிடக்கும் வத்தை என்னும் மரப்படகைத் தள்ளும்போது, அது அசையாத அந்த முதல் நொடியில்தான் தோளின் முழுப் பலமும் தேவைப்படுகிறது. மோட்டாரும் அப்படியே, சுழலாமல் சிக்கி நிற்கும்போதுதான் மிக அதிக மின்சாரத்தை இழுக்கிறது. ஆகவே ஓடும்போதுள்ள அளவை அல்ல, சிக்கி நிற்கும் அளவைத் தாங்கும் கன்ட்ரோலரை வாங்குங்கள். நம் உப்புக்காற்றில் செம்பு முனைகள் விரைவில் பச்சை பூத்துவிடும் என்பதால், அவற்றின் மேல் பாதுகாப்புப் பூச்சும் அவசியம்.

ஒலிப்பலகை வேகக் கட்டளையைப் படித்து எஞ்சின் உறுமலை ஏற்றி இறக்குகிறது. அதில் குறித்துள்ள ஓம் (மின்தடை) அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

அதிக ஆம்பியர் கன்ட்ரோலர் மோட்டாரை எரித்துவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த எண் கன்ட்ரோலர் தாங்கும் திறனைக் குறிக்கிறதே தவிர, மோட்டாருக்குள் திணிக்கும் அளவை அல்ல.