126 தாக்கீது வந்தால் கையெழுத்துப் போடலாமா?

தம்பி, கல்குவாரி வேண்டாம் என்று கிராம சபையில் பேசிய உங்கள் அப்பாவைப் பிரிவு 126-ன்படி கோட்டாட்சியர் முன் வரச் சொல்லியிருக்கிறார்கள், "ஒரு கையெழுத்துதானே" என்கிறது போலீஸ், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வக்கீல் பார்க்காமல் போடவே வேண்டாம்.

இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 107தான், 2024 ஜூலையில் புதிய சட்டம் (BNSS) வந்தபோது எண் மாறியது. தண்டனை இல்லை. ஆனால் அமைதி காப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஓராண்டு வரை அவர் வாயைக் கட்டிவிடலாம்; அடுத்த கூட்டத்தில் பேசியதையே மீறலாகக் காட்டி உள்ளே வைக்கப் பார்ப்பார்கள். நியாயம் கேட்பவரை ரவுடி போல நடத்துவது எனக்கு ஆறவே இல்லை.

என்ன தகவலின் பேரில் கூப்பிடுகிறார்கள் என்று பிரிவு 130-ன்படி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். விசாரணை தொடங்கும் முன்பே இடைக்காலப் பத்திரம் கேட்க முடியாது. மது லிமாயே வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்தாவுக்கு மட்டும் தவறாமல் போங்கள். மீறி நெருக்கினால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

பயப்படாதீர்கள். பக்கத்து மேலூரில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது, போராடியவர்கள் மீதான வழக்குகளையும் அரசு திரும்பப் பெற்றது. ஆனால் அதே மாதம்தான் குவாரி முறைகேட்டை எதிர்த்த திருமயம் ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அதனால் அப்பாவைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள்.

அப்புறம், குடியிருப்பிலிருந்து குவாரி எவ்வளவு தூரம்? 300 மீட்டருக்குள் என்றால் விதிப்படி குத்தகையே தர முடியாது. கிராம வரைபடத்தோடு வக்கீலிடம் போங்கள்.